தோன்றா எழுவாய்: தீவுகளின் குப்பையும் சிறு மானியக் கதைகளும்

காவியம், நாடகம், நாவல், சிறுகதை என்று இலக்கிய வகைகளை வகுத்துப் பேசும் நமது விமர்சகர்கள் இதுவரை கவனியாது விட்ட கதைவகை ஒன்று உண்டு. அது சஞ்சிகைகளிலே வெளிவருவதில்லை. அதற்குப் பரிசளிப்பாரும் இல்லை. நிதி வழங்கும் நிறுவனங்களின் அறிக்கைகளிலே வண்ணப் படங்களோடு இடம்பெறும் ‘வெற்றிக் கதை’ என்பதே அது. இலக்கிய இன்பம் நாடி எவரும் அதனைப் படிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், ஒரு நாவலைப் படித்து முடித்தவர் எவரும் காசோலை எழுதுவதில்லை. இக்கதையைப் படிப்பவர்களோ பணம் எங்கே செல்ல வேண்டும், எங்கே செல்ல வேண்டியதில்லை என்பதைத் தீர்மானிக்கும் நிலையில் உள்ளவர்கள். மனிதரின் வாழ்வை இவ்வளவு நேராகப் பாதிக்கும் எழுத்தினை இலக்கியமன்று எனக் கூறி ஒதுக்கிவிடுதல் சமுதாய நோக்குள்ள விமர்சனத்துக்கு அழகாகாது.

இக்கதைவகையிலே, தீவுகளையும் பிளாஸ்டிக் குப்பையையும் பொருளாகக் கொண்டவை இன்று தனியொரு கிளையாகச் செழித்துள்ளன. அவற்றின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. முதலிலே வெண்மணற் கடற்கரை. அடுத்து அங்கே வந்து குவியும் குப்பை. மூன்றாவதாக ஒரு சிறு மானியம். அதன்பின் பையும் கூடையும் அணிகலனும் செய்யும் பெண்கள். முடிவிலே முகம் மலர்ந்த ஒருத்தியின் படமும் அவள் கூறியதாகச் சில நன்றிச் சொற்களும். நாடோடிக் கதைகளிலே தேவதை தோன்றும் கட்டத்தில் இங்கே மானியம் தோன்றுகின்றது.

இவற்றைப் பொய்யெனத் தள்ளிவிடுவது எளிது, அது அநீதியுமாகும். இக்கதைகளில் வரும் பெண்கள் உண்மையானவர்கள். அவர்கள் உழைப்பு உண்மையானது. அவர்கள் கையிற் கிடைத்த பணமும் உண்மையானதே. ஆகவே, நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு கதை எதனைக் கூறுகின்றது என்று பார்ப்பதோடு, எதனைக் கூறாது விடுகின்றது, யாரைப் பாத்திரமாக்குகின்றது, யாரை மேடைக்கே வராது காக்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

முதலில் சிறு மானியத்துக்குரிய மதிப்பினைக் கொடுத்துவிடுவோம். றியோ டி ஜெனீரோவிலே சுற்றாடல் பற்றிய உலக மாநாடு கூடிய 1992ஆம் ஆண்டிலேயே, உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டமும் தொடங்கிற்று. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் அதனை நடத்தி வருகின்றது. நெடுங்காலம் ஒரு மானியத்தின் வழமையான உச்ச அளவு 50,000 அமெரிக்க டொலராக இருந்தது. அரசாங்கத் திணைக்களங்களுக்கு அன்றி, கிராமச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் மீனவர் அமைப்புகளுக்குமே இப்பணம் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. யாருக்குக் கொடுப்பதெனத் தீர்மானிக்கும் தேசியக் குழுவிலே அரசாங்கம் சாராதோர் பெரும்பான்மையினராக இருத்தல் வேண்டும் என்பதும் விதியாகும். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலே இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட முயற்சிகளுக்கு இவ்வழியாக உதவி கிட்டியுள்ளது. பெருந்தொகைக் கடன்கள் தலைநகரத்தின் எல்லையைத் தாண்டுமுன்பே கரைந்துபோகும் உலகிலே, ஒரு தீவின் மீனவப் பெண்கள் தங்கள் பெயரிலே கணக்கொன்று திறந்து, கணக்கெழுதி, கூட்டம் கூடி, செலவைத் தாமே தீர்மானிப்பது சிறு காரியமன்று. நமது விமர்சனம் அப்பெண்களை நோக்கியதன்று என்பதனை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, கதையின் மொழிக்கு வருவோம். நமது இலக்கணத்திலே ‘தோன்றா எழுவாய்’ என்றொன்று உண்டு. ‘வந்தேன்’ என்று ஒருவன் கூறினால், ‘நான்’ என்ற எழுவாய் வாக்கியத்திலே தோன்றாவிடினும் வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். வெற்றிக் கதைகளிலே அடிக்கடி வரும் வாக்கியம் ‘கரையிலே குப்பை ஒதுங்கியது’ என்பதாகும். இங்கு குப்பையே எழுவாயாகிவிடுகின்றது. தானே பிறந்து, தானே கடலில் நீந்தி, தானே கரையேறிய ஓர் உயிர்போல அது தோற்றமளிக்கின்றது. செய்தவனைத் தேடி விகுதியைத் தடவிப் பார்த்தாலும் அவன் அகப்படுவதில்லை. ஆனால், வாக்கியத்திலே இல்லாத விகுதி குப்பையின் மேனியிலே பொறிக்கப்பட்டுள்ளது. புட்டியின் மூடியிலே வணிகக் குறி உண்டு. பெட்டியின் பக்கத்திலே தொழிற்சாலையின் பெயர் உண்டு. வலையின் கண்ணளவு அதனை வீசிய கப்பல் எவ்வகையது என்பதனைச் சொல்லிவிடும். அதனை வாசிக்க மறுப்பது எழுத்தாளனே.

வாசிக்க முயன்றவர்கள் கண்டது யாது? இந்து சமுத்திரத்திலே, அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்ட கொக்கோஸ் (கீலிங்) தீவுகளிலே 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர் கணக்கெடுத்தனர். 2019இல் வெளியான அவர்களது மதிப்பீட்டின்படி அங்கு 41 கோடியே 40 இலட்சம் துண்டுகள் கிடந்தன. நிறை 238 தொன். செருப்பும் சப்பாத்துமாக மட்டும் 9 இலட்சத்து 77 ஆயிரம். அத்தீவுகளிலே வாழ்வோர் ஏறக்குறைய 600 பேர். அவ்வளவு குப்பையையும் அம்மக்களே உண்டாக்குவதாயின் 4,000 ஆண்டுகள் வேண்டும் என ஆய்வாளர் கூறினர். ஆகவே, ‘தீவு மக்களின் குப்பைப் பிரச்சினை’ என்ற தொடரே பிழையானது. பிரச்சினை தீவு மக்களுடையது, குப்பை அவர்களுடையதன்று.

சீசெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா பவளத்தீவு இன்னுந் தெளிவான சான்று. 1982இல் உலக மரபுரிமைத் தலமாகப் பதியப்பட்ட அத்தீவிலே ஆராய்ச்சி நிலையத்தாரன்றி வேறு குடிகள் இல்லை. 2019ஆம் ஆண்டில் தொண்டர்கள் சிலர் ஐந்து வாரம் உழைத்து 25 தொன் குப்பையை அகற்றினர். அதற்கு ஏற்பட்ட செலவு 2,24,537 அமெரிக்க டொலர். அதன் பின்னும் கரைகளிலே எஞ்சியிருப்பதையும் கருத்திற் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடு 513 தொன். அதன் நிறையிலே நூற்றுக்கு 83 பங்கு மீன்பிடித் தொழிலின் வலையும் கயிறும் மிதவையுமாகும். அவை பெரும்பாலும் அப்பிராந்தியத்திலே சூரைமீன் பிடிக்கும் பெருங்கப்பல்களின் தொழிலோடு தொடர்புடையவை என ஆய்வாளர் கருதினர். சமுத்திரத்தின் எக்கரையிலிருந்தோ மிதந்து வந்த செருப்புகள் ஏறக்குறைய 3,60,000 என்பதும் அவர்கள் கணக்கே.

இவ்விடத்திலே சிறிது எண்கணிதம் செய்து பார்ப்போம். அல்டாப்ராவிலே ஒரு தொன் குப்பையை அகற்ற ஏறக்குறைய 9,000 டொலர் செலவாயிற்று. 50,000 டொலர் கொண்ட ஒரு சிறு மானியம் முழுவதையும் அப்பணியிலே செலவிட்டால் ஐந்தரைத் தொன் அகலும். எல்லாவற்றையும் அகற்றுதற்கு ஆய்வாளர் மதித்த தொகை 46 இலட்சத்து 80 ஆயிரம் டொலர். அஃதாவது 94 மானியங்கள். இது ஒரே ஒரு தீவுக்கு, ஒரே ஒரு முறைக்கு. அடுத்த பருவக்காற்று வீசும்போது கணக்கு மீண்டும் தொடங்கும். நோயின் அளவுக்கும் மருந்தின் அளவுக்கும் உள்ள இப்பொருத்தமின்மையை மறைப்பதற்கு வெற்றிக் கதையிடம் உள்ள உபாயம் ஒன்றே. அது கடலை விட்டுவிட்டு ஒரு முகத்தைக் காட்டுகின்றது. ஒரு முகத்தின் முன்னே கணக்குக் கேட்பவன் இரக்கமற்றவனாகத் தோன்றுவான் அன்றோ?

ஆயின், அந்த முகத்தையேனும் அக்கதை நேர்மையாகக் காட்டுகின்றதா? கென்யாவின் வட கரையோரத்திலே லாமு தீவுக்கூட்டம் உள்ளது. சுவாகிலி இலக்கியம் செழித்த தொட்டில்களுள் அது ஒன்று. லாமு நகரின் பழைய பகுதி 2001 முதல் உலக மரபுரிமைத் தலமாக விளங்குகின்றது. அக்கூட்டத்தைச் சேர்ந்த கிவாயுத் தீவிலே, 1990களின் பிற்பகுதியில், கரையொதுங்கிய செருப்புகளை வெட்டிச் சிறுவர்கள் விளையாட்டுப் பொருள் செய்வதனை ஜூலி சேர்ச் என்ற கடலுயிரியலாளர் கண்டார். அவர் அளித்த ஊக்கத்தால் அச்சிறுவரின் தாய்மார் செருப்புகளைச் சேகரித்துக் கழுவி, விற்பனைக்குரிய பொருள்களாக்கத் தொடங்கினர். அம்முயற்சியே பின்னர் ‘ஓஷன் சோல்’ என்ற பெயர் பெற்று வளர்ந்தது. இன்று அதன் செதுக்குக்கூடம் தலைநகராகிய நைரோபியிலே உள்ளது. அங்கே, முன்னர் மரம் செதுக்கியவர்கள் செருப்பு நுரையை ஒட்டி, யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஆமையுமாகச் செதுக்குகின்றனர்.

இவ்வளர்ச்சியிலே பாராட்டத்தக்கது உண்டு. பலர் கூலி பெறுகின்றனர். வெட்டப்படவேண்டிய மரம் தப்புகின்றது. எனினும், பொருளின் பயணத்தைக் கூர்ந்து நோக்குக. கற்பனை பிறந்தது தீவுச் சிறுவனின் கையிலே. முதல் உழைப்பு அவன் தாயுடையது. ஆனால், விலை ஏறும் இடமான செதுக்குக்கூடமும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் வாயிலும் தீவிலே இல்லை. பொறுக்குவதும் கழுவுவதும் கரையிலே; செதுக்குவது நகரத்திலே; வாங்கி அழகு பார்ப்பது கடலுக்கப்பால். கொப்பராவையும் இறப்பரையும் ஏற்றுமதி செய்து வளர்ந்த தேசத்தவராகிய நமக்கு இப்பாதை புதியதன்று. மூலப்பொருள் மாத்திரமே மாறியிருக்கின்றது.

பிலிப்பைன்சிலும் இதன் மற்றொரு வடிவத்தைக் காணலாம். போகோல் தீவையடுத்த டனஜோன் பவளத்திட்டிலே 2012ஆம் ஆண்டில் ‘நெற்-வேர்க்ஸ்’ என்ற முயற்சி தொடங்கியது. இலண்டன் விலங்கியற் சங்கமும் தரைவிரிப்புச் செய்யும் இன்ரர்பேஸ் நிறுவனமும் அதன் கூட்டாளிகள். மீனவர் கைவிட்ட நைலோன் வலைகளைக் கிராமத்தவர் சேர்த்துக் கழுவிக் கட்டாக்கி விற்றனர். அவ்வலைகள் ஐரோப்பாவுக்குச் சென்று, சுலோவேனியாவிலுள்ள அக்குவாபில் நிறுவனத்தின் ஆலையிலே புதிய நூலாக மாறின. அந்நூல் அலுவலகங்களின் தரைவிரிப்பாயிற்று. இதிலே இரு சிறப்புகள் உள்ளன. கடலடியிலே கிடந்து ஓயாது மீனைக் கொல்லும் வலை அங்கேயே அகற்றப்படுகின்றது என்பது ஒன்று. கிடைக்கும் பணம் கிராமச் சேமிப்புக் குழுக்களின் வழியாகச் சுற்றுவதால், வங்கியின் வாசலையே காணாத குடும்பங்களுக்குக் கடன் கிட்டுகின்றது என்பது மற்றொன்று. அலங்காரப் பொருள் விற்கும் திட்டங்களைவிட இது உறுதியான அடித்தளம் கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வலையை நூலாக்கும் அறிவும் இயந்திரமும் யாருடையவை? விலையை நிர்ணயிப்பவர் யார்? கரையிலே வலை கழுவுபவள் இக்கேள்விகளுக்கு விடைகூறும் இடத்திலே இல்லை.

விலை என்ற சொல் வந்தமையால் அதனையும் சிறிது விளக்குதல் வேண்டும். பிளாஸ்டிக் பெரும்பாலும் பெற்றோலியத்தின் குழந்தை. உலகச் சந்தையிலே மசகெண்ணெயின் விலை வீழும்போது புதிய பிளாஸ்டிக் மலிந்துவிடுகின்றது. பழையதைக் கழுவி உருக்கி விற்பவனின் பொருளை வாங்க ஆளில்லாது போகின்றது. 2020ஆம் ஆண்டிலே எண்ணெய் விலை சரிந்தபோது உலகெங்கும் மீள்சுழற்சித் தொழில் கண்ட துயரம் இதுவே. மேலும், வெயிலும் உப்பும் தின்ற பிளாஸ்டிக் எத்தனை முறை உருக்கினும் முந்தைய வலிமை பெறாது. ஒவ்வோர் உருக்கலிலும் அதன் நெடிய மூலக்கூறுகள் அறுந்து குறுகுகின்றன. செருப்பின் நுரையோ பெரும்பாலும் உருகி மீண்டும் வார்ப்பதற்கே இணங்காது. வெட்டவும் செதுக்கவுமே அது உதவும். இனம் பிரியாது கலந்த குப்பையை உருக்கினால், குளோரின் கொண்ட வகைகளிலிருந்து அமிலப் புகை எழுந்து உருக்குபவரின் நெஞ்சை அரிக்கும். வெற்றிக் கதையின் வாக்கியங்களிலே இப்புகை எழுவதில்லை. 1950 முதல் 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 830 கோடித் தொன் என்றும், குப்பையாகிவிட்டதிலே நூற்றுக்கு 9 பங்கே மீள்சுழற்சி பெற்றதென்றும் 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. செல்வம் படைத்த நாடுகளின் பேராலைகளும் உள்ளடங்கிய கணக்கு இது. அவையெல்லாம் சேர்ந்து செய்ய இயலாததனைத் தீவுப் பெண்ணின் தையல் ஊசி செய்துவிடும் எனக் கதை நம்பச் சொல்கின்றது.

இத்திட்டங்களின் உள்ளே அடங்கிக் கிடக்கும் முரண்பாடு இதனினும் ஆழமானது. ‘குப்பையே வாழ்வாதாரம்’ என்ற கொள்கை வெற்றி பெறவேண்டுமாயின் குப்பை தொடர்ந்து வரவேண்டும். கடல் தூய்மையடைந்த நாளிலே அப்பெண்ணின் தொழில் முடிந்துவிடும். தொழில் நிலைக்க வேண்டுமாயின் கடல் தூய்மையடையலாகாது. தன் கடலுக்கும் தன் உலைக்கும் இடையே ஒன்றைத் தெரியுமாறு ஒரு மனிதரை நிறுத்திவிட்டு, அதனை ‘இரட்டை நன்மை’ என அழைப்பது எவ்வகை நியாயம்? கரையைச் சுத்தம் செய்வது ஒரு சமூக சேவை. வீதி கூட்டும் தொழிலாளி தான் கூட்டிய குப்பையை மாலையாகத் தொடுத்து விற்றால்தான் கூலி என எந்த நகரசபையும் கூறுவதில்லை. தீவுப் பெண்ணுக்கு மாத்திரம் அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? அவள் செய்த பணியின் பயன் உலகுக்கு. கூலியோ பையை வாங்கும் பயணியின் விருப்பத்தைப் பொறுத்தது. இங்குதான் மானியத்தின் சிறுமை தெரிகின்றது. அதன் தொகை குறைவு என்பதனை மட்டும் நாம் இங்கே சொல்லவில்லை. உழைப்பவளைத் தொழிலாளி என ஏற்றுக்கொள்ளாது சிறு வியாபாரி எனப் பெயரிடும் அதன் நோக்கினைச் சொல்கின்றோம்.

கலை என்ற முறையிலே இப்பொருள்களைப் பற்றி ஒரு சொல் கூறாது விடுதல் இலக்கியச் சஞ்சிகைக்குப் பொருந்தாது. செருப்பிலே செதுக்கிய யானையைக் காண்க. நீலமும் மஞ்சளும் சிவப்பும் வரிவரியாக மின்னும் அதன் அழகு கண்ணைக் கவர்வதே. ஆனால், அவ்வழகு செருப்பை மறக்கச் செய்கின்றது. அதனை அணிந்து தேய்த்த கால், வீசியெறிந்த கை, கழுவிய கை யாவும் வண்ணத்துள் மறைந்துவிடுகின்றன. அன்றியும், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் கிவாயு மீனவரின் அன்றாட உலகமல்ல; அவை உல்லாசப் பயணி எதிர்பார்த்து வரும் ஆபிரிக்கா. வாங்குவோனின் கற்பனைக்கு ஏற்ப உருவம் அமைந்தமையால், செய்வோனின் அனுபவம் உள்ளடக்கமாக இடம்பெற வழியில்லாது போயிற்று.

இதனோடு, அதே தீவுக்கூட்டத்திலே பிறந்த மற்றொரு படைப்பினை ஒப்புநோக்குக. ‘பிளிப்பிளொப்பி’ என்னும் பாய்க்கலம் 2018 செப்ரெம்பரிலே லாமுவில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அலி ஸ்கண்டா என்ற படகுத்தச்சரின் தலைமையில், பரம்பரையாகப் படகு கட்டி வந்தவர்கள் பத்துத் தொன் அளவு பிளாஸ்டிக் குப்பையை உருக்கி வார்த்து, மரத்தை எவ்வாறு இழைத்துப் பொருத்துவரோ அவ்வாறே இழைத்துப் பொருத்தி அதனைக் கட்டினர். வெயிலிலே விரிவதும் மரத்தைப் போல விறைத்து நில்லாததுமான பொருளை மரக்கலத்தின் வடிவுக்கு இணங்கச் செய்தது அவர்களது தொழில் ஞானம். கலத்தின் புறம் முழுவதும் ஏறக்குறைய 30,000 செருப்புகளின் நுரையால் போர்த்தப்பட்டது. 2019 தொடக்கத்திலே அக்கலம் லாமுவிலிருந்து சன்சிபார் வரை ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடி, வழியிலுள்ள ஊர்களிலே மக்களைச் சந்தித்தது.

இங்கே உருவம் வாங்குவோனுக்காக அமைக்கப்பட்டதன்று. அது சுவாகிலிக் கரையின் பல நூற்றாண்டுக் கைத்தொழில் அளித்த உருவம். உள்ளடக்கமோ இன்றைய துயரம். பழைய உருவமும் புதிய உள்ளடக்கமும் ஒன்றையொன்று அழிக்காது இணைந்து நிற்பதனால், காண்பவன் அழகையும் குப்பையையும் ஒருங்கே காண்கின்றான். படகு தான் ஆக்கப்பட்ட பொருளுக்கு எதிராகவே பேசிக்கொண்டு ஓடுகின்றது. இதனாலேயே இதனை உயர்ந்த கலைப்படைப்பு என மதிக்கின்றோம். அதற்காக அதன் எல்லையை மறத்தலும் கூடாது. அது அறைகூவல், மீனவன் வாங்கித் தொழில் செய்யும் கலமன்று. அதனைக் கட்டியவர்கள் இதனை உணர்ந்தே, லாமுவிலே குப்பையை விலைகொடுத்து வாங்கித் தரம்பிரித்துத் தளபாடமாக்கும் தொழிலையும் தொடங்கியுள்ளனர். இயந்திரமும் தச்சரும் தீவிலேயே இருப்பதால், கிவாயுவின் செருப்பு சென்ற பாதைக்கு இது ஒரு மாற்றுவழியாகும்.

நம்மைப் பார்த்து நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும்: “உங்கள் விமர்சனம் யாருடைய பசியைத் தீர்க்கும்? அகல் விளக்கு சூரியனாகவில்லை என்று அதனை அணைத்துவிடலாமா?” நியாயமான கேள்வி. விளக்கை அணைக்குமாறு நாம் கூறவில்லை. பெண்கள் குழுவுக்குக் கிடைத்த ஐம்பதினாயிரம் டொலர் அக்குழு கூடிப் பேசும் மண்டபமாகவும், எடைபோடும் தராசாகவும், தமக்கென ஒரு துண்டாக்கும் இயந்திரமாகவும் மாறுமாயின் அது வீணன்று. ஒல்லாந்து நாட்டவரான டேவ் ஹக்கன்ஸ் 2013இல் தொடங்கிய ‘பிரெசியஸ் பிளாஸ்டிக்’ முயற்சி, அத்தகைய இயந்திரங்களின் வரைபடங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுள்ளது. அறிவைப் பொதுவுடைமையாக்கிய அச்செயல் பல மானியங்களுக்கு ஈடாகும். எனவே, திட்டமொன்றை மதிப்பிடும்போது எத்தனை பை தைக்கப்பட்டது எனக் கேளாது, வேறு சில கேள்விகளைக் கேட்போம். இயந்திரம் யாருடையது? கழுவும் மணிநேரத்துக்குக் கூலி உண்டா? மானியம் நின்ற மறு ஆண்டிலே யார் கணக்கெழுதுகின்றார்? சேர்த்த குப்பையிலே யாருடைய பெயர் பொறித்திருந்தது என்பதனைக் குழு எழுதி வைத்ததா? இறுதிக் கேள்வியே முதன்மையானது. குப்பை சேர்க்கும் பெண் அதன் பதிவேட்டையும் எழுதுவாளாயின், அவள் நன்றி கூறும் பயனாளியாக இராமல் சாட்சியாகிவிடுகின்றாள்.

சாட்சி தேவைப்படும் வழக்கு எத்தகையது என்பதற்கு நமது கடலே சான்று. 2021 மே மாதத்திலே ‘எக்ஸ்-பிறஸ் பேர்ள்’ என்ற கொள்கலக் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது, ஜூனிலே மூழ்கியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிலே கலந்தன. உலகம் அறிந்த பிளாஸ்டிக் மணிச் சிதறல்களிலே பெரியது அது. மேற்குக் கரை மீனவர் கடலுக்குச் செல்லாது தடுக்கப்பட்டனர்; மணலை அரித்து மணி பொறுக்கும் காட்சியை நாமெல்லோரும் கண்டோம். அம்மணிகளைக் கோத்து அணிகலன் செய்து பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அன்று எவராவது நீர்கொழும்பு மீனவருக்கு ஆலோசனை கூறியிருந்தால், நாம் கொதித்தெழுந்திருப்போம். ஏனெனில் அவ்வாக்கியத்தின் எழுவாய் நமக்குத் தெரிந்திருந்தது. கப்பலுக்குப் பெயர் இருந்தது, உடைமையாளர் இருந்தனர். 2025 ஜூலையிலே நமது உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வேறு, பணம் கைக்கு வருவது வேறு. அத்தொகையைச் செலுத்த நிறுவனம் மறுத்தமையும் நாம் அறிந்ததே. ஆயினும், அத்தீர்ப்பு ஒரு சொல்லை நிலைநாட்டியது. அச்சொல் நட்டஈடு.

மானியம், நட்டஈடு ஆகிய இவ்விரு சொற்களின் இடையே உள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள். மானியம் என்பது அரசரும் ஆலயமும் தமக்கு உவப்பானவர்க்கு நிலம் வழங்கிய காலத்துச் சொல். கொடுப்பவனின் அருளும் பெறுபவனின் பணிவும் அதனுள்ளே உறைந்துள்ளன. நட்டஈடு என்ற சொல்லுக்குள் கைகூப்புதல் இல்லை. அது கடன்பட்டவனின் பெயரைக் கேட்கின்றது. கொக்கோஸ், அல்டாப்ரா, லாமு ஆகிய தீவுகளின் கரைகளிலே குவிவது ஒரே நாளிலே ஒரே கப்பலிலிருந்து சிந்தவில்லை. பல்லாயிரம் கைகளிலிருந்து பல ஆண்டுகளாகச் சிந்துகின்றது. கடனாளிகள் பலராயினமையால் கடனே இல்லையென ஆகிவிடுமா?

அரசுகள் இதனை அறியாதிருக்கவில்லை. கென்யா 2017 ஓகஸ்ட் மாதத்திலே பிளாஸ்டிக் பைகளைச் சட்டத்தால் தடைசெய்தது. ஒரு தேசத்தின் சட்டம் தன் எல்லைக்குள்ளே செய்யக்கூடியதை அது காட்டிற்று. அலை அச்சட்டத்துக்குக் கட்டுப்படாது. ஆதலினாலேயே அதே கென்யாவின் தலைநகரிலே 2022 மார்ச்சில் கூடிய நாடுகள், பிளாஸ்டிக் பற்றிய உலக உடன்படிக்கை ஒன்றினை 2024 முடிவுக்குள் ஆக்குவதாக உறுதி பூண்டன. 2024இல் பூசான் நகரிலே கூடினர், முடிவில்லை. 2025 ஓகஸ்டிலே ஜெனீவாவில் மீண்டும் கூடினர், அப்போதும் முடிவில்லை. உற்பத்திக்கே வரம்பு விதிப்பதா, அன்றிக் குப்பையை மாத்திரம் நிருவகிப்பதா என்பதே பிணக்கு. வரம்பு வேண்டாமென முன்னின்றவை எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடுகள். மாநாட்டு மண்டபத்திலே வரம்பு மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும், கரையிலே கூடை பின்னும் பெண்ணின் படம் இன்னுஞ் சற்றுப் பெரிதாக அச்சிடப்படுகின்றது. இவ்விரண்டையும் ஒரே கதையின் இரு அத்தியாயங்களாக நாம் வாசிக்கப் பழகவேண்டும்.

அவ்வாறு வாசிப்பதும் எழுதுவதும் நமது எழுத்தாளரின் பொறுப்பாகும். கடலோர வாழ்வைப் பொருளாகக் கொண்ட நம் கதைகளிலே புயல் உண்டு, சம்மாட்டி உண்டு, கடன் உண்டு. வலையிலே மீனோடு ஏறிவரும் பிளாஸ்டிக்கும், அதன் பின்னே நிற்கும் உலகச் சந்தையும் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. அவற்றை எழுதுபவர், தீவு மக்களைப் பரிதாபத்துக்குரியவராகவோ அற்புதம் புரிபவராகவோ வரையாது, தம் உழைப்பின் விலையையும் தம் கடலின் உரிமையையும் அறிந்து பேசும் மனிதராக வரைதல் வேண்டும். அக்கதையின் வாக்கியங்களிலே எழுவாய் தோன்றட்டும். குப்பையை ஆக்கியவன் யார், அதனால் இலாபமடைந்தவன் யார், அதனைப் பொறுக்கியவள் யார் என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறும் கதை ஒன்றாயினும் எழுதப்படின், அது அறிக்கைகளின் நூறு வெற்றிக் கதைகளிலும் மேலான சேவையாக அமையும்.